குதிரை ஏன் வாலை அடிக்குது? - பாண்டிய நாட்டுக் குதிரைக் கணக்கு

போன வைகாசியில் எங்க ஊர் ஏழாயிரம்பண்ணையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வந்திருந்தது. பட்டாசுக்குப் பேர்போன பக்கம் இல்லையா, சரவெடி இல்லாமல் ஊர்வலம் ஒரு அடி நகராது. ஏழாவது படிக்கும் என் பையன் மட்டும் வெடியைப் பார்க்காமல் குதிரையின் வாலையே பார்த்துக்கிட்டு வந்தான்.

"அப்பா, வெடிக்கும்போது வாலை உள்ள இடுக்கிக்குது, அது பயம். ஆனா வெடி நின்னப்புறமும் விசுக் விசுக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கே, ராத்திரியில ஈ கூட இல்லையே?"

எனக்குப் பதில் தெரியலை. குதிரைக்காரரிடம் கேட்டேன். "மாப்பிள்ளை ஏறினதுல இருந்தே அடிக்குது சார். எங்கயோ பிடிக்குது" என்றவர், மாப்பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுச் சேணத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பெரியவங்க "நல்ல நேரம் போகுதுப்பா" என்று முணுமுணுத்தாங்க. விரிப்பு ஒரு இடத்தில் மடங்கிக் கிடந்தது. அதை நீவிவிட்டு வாரைத் திரும்பக் கட்டினார். மாப்பிள்ளை ஏறினார். கொஞ்ச நேரத்தில் வால் அடங்கிவிட்டது.

அந்த இரண்டு நிமிஷம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

குதிரையின் வால் வெறும் முடி இல்லை. முதுகெலும்பின் தொடர்ச்சி அது. உள்ளே சுமார் 18 சிறு எலும்புகள் இருக்கு. முதுகு தளர்வாக இருந்தால் வாலும் நடைக்கு ஏற்றபடி மெதுவாக ஆடும். முதுகு விறைத்தால் வாலிலும் தெரியும். ஈயை விரட்டுவது ஒரு வேலை. அது போக வால் ஒரு அறிவிப்புப் பலகை. இடுக்கிக்கொண்டால் பயம். தூக்கிப் பிடித்தால் உற்சாகம். ஆள் ஏறியிருக்கும்போது சவுக்கு மாதிரி திரும்பத் திரும்ப அடித்தால் எரிச்சல் அல்லது வலி. பொருந்தாத சேணம், இறுகிய வார், வாயை அறுக்கும் கடிவாளம், குதிமுள், முதுகில் தொப்புத் தொப்பென்று விழும் சவாரிக்காரர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்துக் குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவும் 2018-ல் சவாரிக் குதிரையின் 24 நடத்தைகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டாங்க. காதைப் பின்னால் மடிப்பது, வாயைத் திறந்து வைப்பது, தலையை உதறுவது மாதிரியானவை. வாலைத் திரும்பத் திரும்ப வீசி அடிப்பதும் அதில் ஒன்று. 24-ல் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவங்க முடிவு. ஒரே ஒரு அறிகுறியை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, ஆனால் அதை ஒதுக்கவும் கூடாது. எங்க தொழிலில் சொன்னால், இது 'லாக்'கில் வரும் எச்சரிக்கை வரி. அதைப் படிக்காமல் விட்டால் ஒருநாள் சர்வரே படுத்துவிடும்.

அப்படி ஒரு நாடே எச்சரிக்கையைப் படிக்காமல் விட்ட கதை நம்ம பக்கத்திலேயே இருக்கு. எங்க ஊர்ப் பாளையக்காரர்கள் காலத்துக்கும் முன்னால், 13-ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் போகணும். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் காயல் துறைமுகம். கடல்வழிக் குதிரை வரவு நமக்குப் புதுசு இல்லை, காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்லுது. ஆனால் பாண்டியர் காலத்து அளவு வேற.

1292 வாக்கில் வந்த மார்க்கோ போலோ, அரசரும் சகோதரர்களுமாக ஐந்து பேர், ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குறாங்க என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாப் பக்கமிருந்து மாபாருக்கும் (நம்ம கடற்கரைக்கு அவங்க வைத்த பெயர்) மற்ற துறைமுகங்களுக்கும் வருஷம் 10,000 குதிரைகள் போனதாக எழுதுறார். ஒரு குதிரை 220 பொன் தினார், மொத்தம் 22 லட்சம். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டாயிரம் என்றாலும் அதே பத்தாயிரம்தான். இரண்டுமே முழு எண்கள், அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே அளவைச் சொல்றது கவனிக்க வேண்டியது.

வருஷா வருஷம் ஏன் இத்தனை வாங்கணும்? வாங்கினதெல்லாம் செத்துப்போச்சு, அதனால்தான். வருஷக் கடைசியில் நூறு குதிரை கூட மிஞ்சாது என்கிறார் போலோ. வெயிலும் புழுக்கமும் அரபுக் குதிரைக்கு ஆகாது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். அதுவும் ஒரு பங்கு இருக்கும். உயர்ந்த ஜாதிக் குதிரைகளுக்கே இங்கே கால் கோணின குட்டிதான் பிறக்குது என்று போலோவும் எழுதுறார். ஆனால் சாவுக்கு அவர் சொல்லும் காரணம் பராமரிப்பு. குதிரையைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிச்சு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுறாங்க. வஸ்ஸாஃப் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். வறுத்த பார்லி, நெய் கலந்த தானியம், காய்ச்சின பால். நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறது. பிறகு பழக்காமல், அங்கவடி முதலான சவாரிச் சாமான் இல்லாமல், ஏறி வெறியோட்டம் ஓட்டுறது. கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் ஒன்றுக்கும் ஆகாமல் போயிடுமாம்.

அந்தக் குதிரைகள் வாலை எத்தனை தடவை அடித்திருக்கும்! அடிச்சதைப் பார்த்து "எங்கயோ பிடிக்குது" என்று சேணத்துக்கு அடியில் கைவிட ஆள் இல்லை.

இதில் என்னை உறுத்துவது இன்னொரு தகவல். தெரிந்த ஆட்களை வியாபாரிகள் கூட்டிவரவும் இல்லை, வேறு யாரையும் வரவிடவும் இல்லை என்கிறார் போலோ. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ விற்பனை போச்சே! கடலில் வரும் வழியில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தம் இருந்ததாக வஸ்ஸாஃப் சொல்றார். செத்தாலும் காசு, பிழைத்தால் நஷ்டம் என்றால் விற்பவருக்கு என்ன அக்கறை வரும்? பொருளை விற்றுவிட்டு அதைப் பராமரிக்கும் அறிவை மட்டும் கையில் வைத்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிற வியாபாரம்தான். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாணிக்கவாசகர் கதையும் இங்கே ஞாபகம் வருது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவாகிறது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருகின்றன. ராத்திரியில் திரும்ப நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. புராணத்தை வரலாறாகப் படிக்கக் கூடாது. ஆனாலும், பொன்னைக் கொட்டி வாங்கினது காலையில் லாயத்தில் இல்லை என்பது அந்த நாட்டுக்குப் பழகின அனுபவமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நம்ம ஊரில் குதிரையோ மாடோ வாங்கும்போது சுழி பார்ப்பாங்க. சுழி வாங்கும் வரைக்கும்தான். வாங்கினப்புறம் தினமும் பார்க்க வேண்டியது வாலை. 'குதிரை குப்புறத் தள்ளினதும் இல்லாமல் குழியும் பறிச்சதாம்' என்று ஒரு பழமொழி இருக்கே, அது விழுந்தவன் சொன்ன கதை. தள்ளுறதுக்கு முன்னாடி குதிரை வாலால் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தது என்று அவன் சொல்லவில்லை.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இன்றும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் வருது. அடுத்த ஆடிக்குப் பையனோடு போகலாம் என்றிருக்கேன். அவன் இப்பவே சொல்லிட்டான்: "விலையை நீங்க கேளுங்கப்பா, வாலை நான் பார்த்துக்கிறேன்."