இலண்டனில் ஒரு மாணவர் உண்ட உணவு

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் அரியணைகளும் உடன்படிக்கைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், ஒருவர் நாள்தோறும் எங்கே உண்டார், எவ்வழியே நடந்தார், கையிலிருந்த காசை எவ்வாறு செலவிட்டார் என்பனவும் வரலாற்றின் பகுதிகளே. பின்னாளில் பெரும்பணி ஆற்றியவர்களின் இளமையை ஆராயுங்கால், இச்சிறு செய்திகள் நமக்குப் பல உண்மைகளை விளக்குகின்றன. வீட்டை விட்டுப் பெருநகரத்திற்குப் படிக்கச் சென்ற ஓர் இளைஞரின் உணவைப் பற்றியே இன்று நான் பேசப் புகுகின்றேன். 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே அவ்விளைஞர். அந்நாட்களைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, ‘சத்திய சோதனை’ என்னும் அவரது தன்வரலாற்றில் அவரே கூறியுள்ளதாகும்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அவர் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறைவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கடல் கடந்து செல்லுதல் சமயத்திற்கு மாறானது என்று கூறிப் பம்பாயிலிருந்த அவருடைய சாதித் தலைவர்கள் அவரைச் சாதியினின்று விலக்கி வைத்தனர். அன்னை புத்லிபாயோ, மகன் அயல்நாட்டில் நெறி தவறிவிடுவானோ என்று அஞ்சினார். அவ்வச்சம் தீரும்பொருட்டு, மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் காந்தி உறுதி செய்து கொடுத்தார். அவர் தம்முடன் எடுத்துச் சென்ற பொருள்களுள் மிகக் கனமானது இவ்வுறுதிமொழியே எனலாம்.

அவர் சென்று சேர்ந்த இலண்டன், ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரம். குதிரைகள் இழுத்த பெருவண்டிகள் தெருக்களில் ஓடின. நிலத்தின் அடியில் நீராவி இரயில்கள் புகை கக்கிச் சென்றன. மாலையில் எரிவாயு விளக்குகள் ஒளி வீசின. அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நண்பகலில் வீடு திரும்பி உண்ண இயலாது. ஆகவே அவர்களுக்கெனத் தெருதோறும் உணவு விடுதிகள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் புலாலே தலைமையான உணவு. குளிர் மிகுந்த அந்நாட்டில் புலால் உண்ணாதவர் உயிர் வாழ்தல் அரிது என்றே பலரும் நம்பினர். அங்கிருந்த இந்திய நண்பர்களும் அவ்வாறே அறிவுரை கூறினர்.

தொடக்கத்தில் காந்தியடிகள் பட்ட துன்பம் பசித்துன்பமே. காலையில் கிடைத்த ஓட்ஸ் கஞ்சி வயிற்றை ஒருவாறு நிரப்பியது. நண்பகலிலும் மாலையிலும் உப்பும் காரமும் இன்றி வேகவைத்த கீரையும், ரொட்டியும், பழப்பாகுமே கிடைத்தன. நன்றாக உண்ணும் இயல்புடைய அவருக்கு இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகள் எம்மாத்திரம்? மேலும் வேண்டும் என்று கேட்பதற்கோ கூச்சம் தடுத்தது. பின்னர் அவர் தங்கிய வேறொரு வீட்டில், வீட்டுக்காரியின் பெண் மக்கள் இருவர் இரக்கங்கொண்டு மேலும் ஒன்றிரண்டு துண்டுகளை அவர் தட்டில் இடுவார்களாம். அப்போதும் பசி அடங்கியபாடில்லை.

மரக்கறி உணவு மட்டும் அளிக்கும் விடுதிகள் நகரில் உண்டு என்று வீட்டுக்காரி கூறக் கேட்டு, அவற்றைத் தேடி அவர் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். வழியில் மலிவான கடை எதிலேனும் நுழைந்து வெறும் ரொட்டியை வயிறார உண்பார். எனினும் மனம் நிறைவு பெறாது. இவ்வாறு அலைந்த ஒருநாள், பாரிங்டன் தெருவில் அத்தகைய விடுதி ஒன்று அவர் கண்ணிற் பட்டது. விரும்பிய பொருளைப் பெற்ற குழந்தையைப் போல மகிழ்ந்தார். உள்ளே செல்லுமுன், வாயிலருகே விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். மரக்கறி உணவின் சிறப்பை எடுத்துரைத்து ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் அது. இங்கிலாந்திற்கு வந்த பின் அவர் வயிறார உண்ட முதல் உணவு அன்றுதான் கிடைத்தது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதுகாறும் அவர் புலாலை விலக்கியது தாய்க்குக் கொடுத்த வாக்கிற்காக மட்டுமே. இந்தியர் அனைவரும் புலால் உண்ணுதல் நலம் என்ற கருத்தே அவர் உள்ளத்தில் இருந்தது. தாமும் ஒருநாள் அவ்வாறு உண்ணலாம் என்றும் அவர் எண்ணியிருந்தார். சால்ட்டின் நூலைக் கற்ற பின்னரே மரக்கறி உணவை அவர் தம் அறிவால் ஆய்ந்து தேர்ந்துகொண்டார். பிறருக்காகக் காத்த நோன்பு அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த இடம் பல்கலைக்கழகமும் அன்று, வழிபாட்டிடமும் அன்று. எழுத்தர்களும் ஏழை மாணவர்களும் சில காசுகளுக்கு உண்டு சென்ற ஒரு சிறு விடுதி அது.

ஆயினும் கொள்கை உறுதியானவுடன் எல்லாம் எளிதாகிவிடவில்லை. அவருடைய நண்பர் ஒருவர், காந்தி இவ்வாறே இருந்தால் நாகரிகச் சமுதாயத்தில் பழக இயலாது என்று கவலை கொண்டார். நாடகம் பார்க்க அழைத்து, அதற்கு முன் ஹோபர்ன் என்னும் மாளிகை போன்ற உணவு விடுதிக்கு அவரை இட்டுச் சென்றார். முதலில் சூப் வந்தது. அதில் புலால் கலந்துள்ளதா என்று நண்பரைக் கேட்க அஞ்சிய காந்தி, பரிமாறுபவரைக் கையசைத்து அழைத்தார். நண்பர் வெகுண்டார், இவ்விடத்திற்கேற்ப நடக்க இயலாவிடில் வெளியே சென்று வேறெங்கேனும் உண்டு காத்திருக்குமாறு கூறினார். காந்தி மகிழ்ச்சியுடன் எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி விடுதியோ அன்று மூடியிருந்தது. அவ்விரவு உண்ணாமலேயே நண்பருடன் நாடகம் பார்த்தார். நட்பு மட்டும் கெடவில்லை.

நண்பரின் மனக்குறையைத் தீர்க்க எண்ணி, சில காலம் அவர் ஆங்கிலக் கனவானாக மாற முயன்றார். 19 ஷில்லிங்கிற்கு உயரமான தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் 10 பவுனுக்கு மாலை உடை தைத்தார். நடனமும் வயலினும் சொற்பொழிவுக் கலையும் பயிலத் தொடங்கினார். இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்களே நீடித்தது. தாம் கற்க வந்தது சட்டம் என்பதும், தம் தமையனார் அரும்பாடுபட்டுப் பணம் அனுப்புகின்றார் என்பதும் நினைவிற்கு வரவே, அவற்றைக் கைவிட்டார்.

அதன்பின் அவர் மேற்கொண்ட வாழ்க்கை முறையே நாம் கற்கத்தக்கது. அக்கால ஆங்கில நாணயத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஒரு பென்னியின் நான்கில் ஒரு பங்கு பார்த்திங் எனப்படும். வண்டிக் கூலி, அஞ்சல் தலை, செய்தித்தாள் என எதற்குச் செலவிட்டாலும் ஒவ்வொரு பார்த்திங்கையும் அவர் எழுதி வைத்தார். இரவில் உறங்குமுன் கணக்கை நேர் செய்தார். பிறர் வீட்டில் பணம் கொடுத்துத் தங்குவதை விட்டுத் தனி அறைகள் எடுத்துக்கொண்டார். செல்லவேண்டிய இடங்களுக்கு நடந்தே சென்றமையால் வண்டிக் கூலி மிஞ்சியது. நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் நடக்கும் பயிற்சியும் கிட்டியது. நோயின்றி இருந்ததற்கு அந்நடையே காரணம் என்று அவர் பின்னர் எழுதியுள்ளார்.

தம்மினும் எளிய மாணவர்களை அவர் கண்டார். வாரத்திற்கு 2 ஷில்லிங் வாடகையில் குடிசைப் பகுதியில் ஓர் அறை எடுத்து, லாக்கார்ட் என்பாரின் மலிவான கோக்கோக் கடையில் வேளைக்கு 2 பென்ஸுக்குக் கோக்கோவும் ரொட்டியும் உண்டு படித்த ஒரு மாணவரைப் பற்றி அறிந்தார். உழைப்பாளிகள் மதுக்கடைக்குச் செல்லாதிருக்கும்பொருட்டு அக்காலத்தில் தோன்றியவை இத்தகைய கடைகள். அம்மாணவரை எண்ணி, காந்தியும் இரண்டு அறைகளை விடுத்து ஓர் அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே ஆக்கினார். நண்பகலில் வெளியே உண்டார். இரவில் அறையிலேயே ரொட்டியும் கோக்கோவும் அருந்தினார். நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் அவரால் வாழ முடிந்தது.

இத்தொகை எவ்வளவு சிறியது என்பதை அறிய ஒரு செய்தி உதவும். 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு 6 பென்ஸ் கூலி என்பதே அவர்களுடைய தலையாய கோரிக்கை. அதன்படி காந்தியின் ஒருநாள் செலவு, இரண்டரை மணி நேரக் கூலிக்கு ஈடாகும். ஆனால் அத்தொழிலாளருக்கு நாள்தோறும் வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மனைவி மக்களையும் அவர்கள் காப்பாற்ற வேண்டும். அப்போராட்டம் நல்ல முறையில் முடியத் துணைபுரிந்த கார்டினல் மேனிங் என்னும் சமயத் தலைவரை, காந்தி தம் நண்பர் நாராயண் ஹேமசந்திரருடன் சென்று கண்டு வணங்கினார். தம் சிக்கனம் தாமே விரும்பி ஏற்றது என்பதும், வறுமை பிறர்மேல் சுமத்தப்பட்டது என்பதும் அந்நகரத் தெருக்களில் நடந்த மாணவருக்குப் புலப்படாமல் இருந்திருக்குமா?

சட்டம் கற்பதிலும் உணவிற்கு ஓர் இடம் இருந்தது என்பது வியப்பிற்குரியது. அவர் சேர்ந்திருந்த இன்னர் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் நிறுவனத்தில், தேர்வுகளில் தேறினால் மட்டும் போதாது. பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொது விருந்துகளில் அமர்ந்தால்தான் அப்பருவம் கணக்கில் சேரும். நால்வர் கொண்ட குழுவிற்கு இரண்டு புட்டி மது வழங்கப்படும். காந்தி மதுவைத் தொடமாட்டார். ஆதலின் அவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளப் பலரும் போட்டியிட்டனராம்! அவர் உண்டதோ ரொட்டியும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசுமே. பின்னர் அவரும் ஒரு பார்சி மாணவரும் விண்ணப்பித்து, மரக்கறி உணவு தனியே பெற்றனர்.

இடையில் முட்டையைப் பற்றி ஓர் ஐயம் எழுந்தது. முட்டை புலால் ஆகாது என்று சிலர் வாதிட்டனர். அவரும் சிலநாள் முட்டை உண்டார். பின்னர், வாக்குறுதியின் பொருளை வாக்குப் பெற்றவர் எவ்வாறு கொண்டாரோ அவ்வாறே கொள்ளுதல் கடமை என்று தெளிந்தார். தம் அன்னையின் கருத்தில் முட்டையும் விலக்கத்தக்கதே என்பதை அவர் அறிவார். மரக்கறி விடுதிகளிலும் பல பண்டங்களில் முட்டை கலந்திருந்தது. ஆகவே பரிமாறுபவரை வினவி வினவி உண்ண நேர்ந்தது. இனிப்புப் பண்டங்கள் பலவற்றைத் துறக்கவும் நேர்ந்தது. சொல்லின் பொருளைத் தமக்கு ஏற்றவாறு வளைத்துக்கொள்ளாத இப்பண்பு, சட்டம் பயில்வார்க்கு எத்துணை இன்றியமையாதது!

தனித்து உண்ட இளைஞர் விரைவில் தோழமையும் பெற்றார். இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம் பெற்றார். தாம் வாழ்ந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு கழகம் தொடங்கினார், புத்தர் வாழ்வைக் கவிதையாகப் பாடிய எட்வின் ஆர்னால்டு அதன் துணைத் தலைவர், காந்தியே செயலாளர். பொதுப்பணியை அமைத்து நடத்தும் முதற்பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. எழுந்து பேச அஞ்சிய அவர், 1891இல் அச்சங்கத்தாரின் இதழில் இந்தியர் உணவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்.

1891 ஜூன் மாதத்தில், நாடு திரும்புமுன் தம் நண்பர்களுக்கு ஒரு விருந்தளிக்க எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், சூப்பின் காரணமாக முன்னொரு நாள் தாம் வெளியேறிய அதே ஹோபர்ன் விடுதி. மேலாளரிடம் பேசி, புலால் கலவாத உணவை அங்கேயே ஆக்குவித்தார். அன்று உரை நிகழ்த்த எழுந்தபோது அவருக்குச் சொற்கள் வரவில்லை. நன்றி கூறி அமர்ந்தார். ஆனால் அவ்வுணவு மேசை, அவர் நாவால் கூற இயலாததைக் கூறியது என்றே நாம் கொள்ளலாம்.

ஜூன் 10ஆம் நாள் வழக்கறிஞராகி, 12ஆம் நாள் கப்பல் ஏறினார். பம்பாயில் இறங்கியபோது, தம் அன்னை மறைந்துவிட்ட செய்தியைத் தமையனார் கூறக் கேட்டார். அயல்நாட்டில் இருக்கும் தம்பி தனிமையில் துயருறுதல் கூடாது என்று அதுவரை அதனை மறைத்திருந்தனர். வாக்கைக் காத்து வந்தேன் என்று கூற எண்ணியிருந்த மகனுக்கு, அதனைக் கேட்பார் இல்லை.

எனினும் அந்நோன்பு வீண் போகவில்லை. 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியர் காங்கிரசைத் தொடங்கியபோது, அதன் வரவு செலவை ஒவ்வொரு காசுக்கும் சான்றுடன் எழுதி வைத்தார். பின்னாளில் இலட்சக்கணக்கான பொதுப்பணம் அவர் கை வழியே சென்றது. கடன் சுமை ஏறாமல் அதனை நடத்த முடிந்தமைக்கு, இலண்டன் அறையில் பழகிய கணக்கே காரணம் என்று அவர் கருதினார். இன்றும் ஊரை விட்டு நகரங்களுக்குப் படிக்கச் செல்லும் மாணவர் பலர். விடுதியில் உண்ணும் உணவும், மாலையில் நடக்கும் தெருவும், பணப்பையில் எஞ்சும் காசும் அவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். கேட்பார் எவருமில்லாத ஊரில் அவற்றை எவ்வாறு கையாளுகின்றோம் என்பதில்தான் நம் பிற்கால வாழ்வு உருப்பெறுகின்றது.