கனிதரும் மரங்களும் ஒரு மருத்துவரின் நாட்குறிப்பும்



முற்றுகையிட்ட பட்டணத்தைச் சுற்றியுள்ள கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று இஸ்ரவேலின் சேனைக்குத் தேவன் கட்டளையிட்டார் (உபாகமம் 20:19). போரின் உக்கிரத்திலும் தொடக்கூடாதது ஒன்று உண்டு என்பதே அந்தக் கட்டளையின் ஆழம். இவ்வாரம் இவ்வசனத்தைத் தியானிக்கையில், அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பு என் நினைவுக்கு வந்தது.

1778-இல் ஆங்கிலேயரோடு சேர்ந்து போரிட்ட இரோகுவா மக்கள், வயோமிங் பள்ளத்தாக்கிலும் செர்ரி வேலியிலும் குடியேறிகளைத் தாக்கினர். செர்ரி வேலியில் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். அந்தத் துயரத்தை நாம் மறைக்கலாகாது. அதற்குப் பதிலடியாக, இரோகுவாக்களின் குடியிருப்புகளை முற்றிலும் அழிக்கும்படி 1779 மே மாதத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி ஜான் சல்லிவனுக்கு உத்தரவிட்டார்.

அச்சேனையில் படை மருத்துவராகச் சென்றவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜேபஸ் கேம்ப்ஃபீல்ட். எந்த மக்களாயினும், அவர்கள் எவ்வளவு எளியவர்களாயினும், அவர்களுக்கு உள்ளதெல்லாம் அந்த வீடுகளே. அவற்றை அழிப்பது கொடுமை என்று அவர் தமது நாட்குறிப்பில் எழுதினார். போரின் கடைசி எல்லைவரை போகாமல் அவர்கள் பணிந்துவிட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அவர்களைத் தமக்கு நிகரானவர்களாக அவர் எண்ணினார் என்று சொல்ல முடியாது. அவருடைய சொற்களில் ஓர் ஏளனமும் கலந்திருக்கிறது. ஆயினும் மனசாட்சி பேசியது. அதை அவர் மையில் எழுதி வைத்தார். எழுதியபின் சேனையோடு தொடர்ந்து நடந்தார்.

ஆகஸ்டு 29-இல் நியூடவுன் என்னுமிடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு எதிர்ப்பு ஏறக்குறைய ஓய்ந்தது. மீந்திருந்தது தீ வைக்கும் வேலை மட்டுமே. ஊர்கள் நாற்பது, சோளம் 1,60,000 புஷல் என்று சல்லிவன் கணக்குக் கொடுத்தார். கயூகா ஏரிக்கரையில் ஒரே ஊரில் காய்க்கும் பீச் மரங்கள் சுமார் 1,500 வெட்டிச் சாய்க்கப்பட்டன. அப்படையெடுப்பில் சென்ற வேறு பலரும் நாட்குறிப்பு எழுதினர். சோளக் கதிர்களின் நீளத்தையும் மண்ணின் வளத்தையும் அவர்கள் வியந்து குறித்தார்கள். வியந்த கைகளே வெட்டின.

போதகனாகிய என்னை உறுத்துவது வேறொன்று. சேனையோடு குருமார்களும் சென்றிருந்தார்கள். படை திரும்பியபின் 1779 அக்டோபர் 17-இல், ஈஸ்டன் நகரில் இஸ்ரவேல் எவன்ஸ் என்னும் குருவானவர் சேனைக்குப் பிரசங்கம் செய்தார். அப்பிரசங்கம் அச்சிடவும் பட்டது. அது வெற்றிக்கான நன்றிப் பிரசங்கம். உபாகமத்தை அவரும் கற்றிருப்பார் அல்லவா? மரங்களைக் குறித்து வேதம் சொன்னதைப் பிரசங்க பீடம் சொல்லியிருக்க வேண்டும். வீடுகளுக்காக ஒரு மருத்துவரின் தனிக் குறிப்பேடு வருந்தியது.

அவ்வாண்டின் குளிர்காலம் அந்த நூற்றாண்டிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. வீடும் களஞ்சியமும் இழந்த 5,000-க்கும் மேற்பட்ட இரோகுவாக்கள் ஆங்கிலேயரின் நயாகரா கோட்டையை அண்டி வந்து குவிந்தனர். பனியிலும் பசியிலும் பலர் மாண்டனர். அதே மாதங்களில் வாஷிங்டனின் சேனை, கேம்ப்ஃபீல்ட் மருத்துவம் பார்த்துவந்த மோரிஸ்டவுனில் பாளயமிறங்கியிருந்தது. பனி பாதைகளை மூடியது. தானிய வண்டிகள் வரவில்லை. அங்கே வீரர்கள் நாட்கணக்கில் அப்பமின்றிக் கிடந்தார்கள்.