மேயர் இல்லாத தலைநகர்

1789 ஜூலை 14. பாஸ்டீல் கோட்டை விழுந்த அன்றே பாரிஸின் பழைய நகர நிர்வாகமும் விழுந்தது. ‘வணிகர் தலைவர்’ என்ற பட்டத்தோடு அந்த நிர்வாகத்தை நடத்திவந்த ஃப்ளெசெல், அரண்மனைக்கு உடந்தை என்று சந்தேகிக்கப்பட்டு, நகர மன்றத்தை விட்டு வெளியே வந்தபோது கொல்லப்பட்டார். மறுநாள் மக்கள் ஒரு வானியல் அறிஞரைத் தலைவராக்கினார்கள். வியாழன் கோளின் துணைக்கோள்களை ஆராய்ந்து பெயர் பெற்ற ழான் சில்வன் பாயிதான் பாரிஸின் முதல் மேயர்.

இரண்டு நாள் கழித்துப் பதினாறாம் லூயி மன்னரே பாரிஸுக்கு வந்தார். நகர எல்லையில் பாயி அவரிடம் நகரத்தின் சாவிகளைக் கொடுத்தார். நகர மன்றத்துக்கு வந்ததும் புரட்சியின் வண்ணங்கள் கொண்ட பட்டைப் பூவை நீட்டினார். மன்னர் அதை வாங்கித் தம் தொப்பியில் செருகிக்கொண்டார். கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். தலைநகரின் மேயர் நாட்டை ஆள்பவரையே பணிய வைக்க முடியும் என்பதை பிரான்சு அன்று கண்ணால் பார்த்தது. அடுத்து வந்த ஆட்சியாளர்கள் எவரும் அந்தக் காட்சியை மறக்கவில்லை.

பாயி 1793இல் கில்லட்டினுக்கு இரையானார். 1794இல் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்தபோது, அவரோடு சேர்ந்து அன்றைய மேயர் ஃப்ளூரியோ லெஸ்கோவும் தலையை இழந்தார். அதோடு மேயர் பதவியும் ஒழிக்கப்பட்டது. 1800இல் நெப்போலியன் இரண்டு அதிகாரிகளை நியமித்தார். நிர்வாகத்துக்கு சேன் மாவட்டப் பிரிஃபெக்ட், காவலுக்குப் போலீஸ் பிரிஃபெக்ட். இருவரும் அரசுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பழைய பாரிஸை இடித்து அகன்ற சாலைகள் போட்ட ஓஸ்மான், மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அல்லர். 1853 முதல் 1870 வரை பதவியில் இருந்த பிரிஃபெக்ட் அவர். நகர மன்ற உறுப்பினர்களையும் அப்போது அரசே நியமித்தது. பாரிஸின் 20 வட்டங்களும் அவர் காலத்தில், 1860இல் வரையறுக்கப்பட்டவை.

1848 புரட்சியின்போது சில மாதங்கள், 1870இல் பேரரசு சரிந்தபோது மீண்டும் சில மாதங்கள் மேயர் பதவி திரும்பி வந்தது. பிறகுதான் வந்தது கொம்யூன். 1871 மார்ச் 26இல் பாரிஸ் மக்கள் தாங்களாகவே தேர்தல் நடத்தித் தங்கள் மன்றத்தை அமைத்துக்கொண்டார்கள். மே மாதக் கடைசியில் வெர்சாயிலிருந்து வந்த அரசுப் படை அதை ரத்த வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த வாரத்தில் நகர மன்றக் கட்டடமும் எரிந்து சாம்பலானது.

கொம்யூன் ஆண்டுகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 14இல், வெர்சாயில் கூடிய தேசிய மன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வட்டத்துக்கு நான்கு பேராக 80 உறுப்பினர்களை பாரிஸ் மக்கள் தேர்ந்தெடுக்கலாம். மேயர் மட்டும் கிடையாது. மன்றம் தனக்கென ஒரு தலைவரைத் தேர்ந்துகொள்ளலாம். அவர் கூட்டத்தை நடத்துவார், விருந்தினரை வரவேற்பார். தீர்மானங்களைச் செயல்படுத்துவது பிரிஃபெக்டின் வேலை. இரண்டு பிரிஃபெக்டுகளும் மன்றத்துக்குள் வந்து அமரலாம். கேட்டபோதெல்லாம் அவர்களுக்குப் பேச வாய்ப்புத் தரவேண்டும்.

1884ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சின் சின்னஞ்சிறு கிராமத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இருந்தார். 1880இல் வந்த ஆணையால் நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகள் அமைந்து, மேயர் பதவியும் வந்துவிட்டது. பாரிஸுக்கு மட்டும் இல்லை.

கை கட்டப்பட்ட நிலையிலும் அந்த மன்றம் சும்மா இருக்கவில்லை. நகருக்குள் ஓடும் ரயிலைத் தேசிய ரயில்பாதைகளோடு இணைக்கவேண்டும் என்று அரசு பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தது. அது நகரவாசிகளுக்கான ரயிலாகவே இருக்கவேண்டும் என்று மன்றம் விடாமல் போராடியது. வென்றது மன்றம். 1900 ஜூலை 19இல் பாரிஸ் மெட்ரோ ஓடத் தொடங்கியது.

1975 டிசம்பர் 31இல் நிறைவேறிய சட்டம்தான் மேயரைத் திருப்பித் தந்தது. அதைக் கொண்டுவந்தவர் குடியரசுத் தலைவர் ழிஸ்கார் தெஸ்தேன். தம் ஆதரவாளர் மிஷேல் தொர்னானோ மேயராவார் என்று அவர் எதிர்பார்த்தார். அவரிடமிருந்து விலகிச்சென்ற முன்னாள் பிரதமர் ழாக் சிராக் களத்தில் குதித்து, 1977 மார்ச் 25இல் மேயரானார். 106 ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது.

இன்று பாரிஸ் மன்றத்தில் 163 உறுப்பினர்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றமே தேர்ந்தெடுக்கிறது. முதல் கூட்டத்துக்கு வயதில் மூத்த உறுப்பினர் தலைமை தாங்குவார். வாக்குப்பதிவு ரகசியமானது. முதல் இரண்டு சுற்றுகளில் பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றால்தான் வெற்றி. மூன்றாம் சுற்றில் அதிக வாக்குகள் பெற்றாலே போதும். வீட்டுவசதி, போக்குவரத்து, பள்ளிகள் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு துணை மேயர் பொறுப்பேற்கிறார். 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வட்டங்களுக்கும் தனி மன்றமும் தனி மேயரும் வந்தார்கள். 2025ஆம் ஆண்டுச் சட்டம், நகர மன்றத்துக்கும் வட்ட மன்றத்துக்கும் தனித்தனி வாக்கு என்று மாற்றியது. நகரம் தனக்கென ஒரு காவல் பிரிவை அமைத்துக்கொண்டது 2021இல்தான். நெப்போலியன் ஏற்படுத்திய போலீஸ் பிரிஃபெக்ட் பதவியோ இன்றும் அரசின் கையில்தான் இருக்கிறது.

பாரிஸுக்கு மேயர் வந்தால் நாட்டின் ஆட்சிக்கே ஆபத்து என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் அஞ்சினார்கள். மேயராக 18 ஆண்டுகள் இருந்த சிராக் 1995இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்தது தெருக்கலவரத்தால் அல்ல, நாடு முழுவதும் விழுந்த வாக்குகளால். மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றத்தைக் கண்டு அஞ்சிய ஆட்சிகள்தாம் தவறு செய்தன. அதற்கு விலை கொடுத்தவர்கள் பாரிஸ் மக்கள்.