இரண்டாம் காயத்தின் கணக்கு: காவிரி டெல்டாவும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும்

அறுப்பு வேலையில் நெற்தாளின் நுனி கண்ணைக் கீறுவது டெல்டாவில் அன்றாடம் நடப்பது. கசக்கிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். கீறிய இடத்தில் பூஞ்சை பற்றினால் சில நாட்களில் கருவிழி புண்ணாகும். முற்றிவிட்டால் பார்வையே போகும். மதுரை மாவட்டத்தின் 1993ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த கண் மருத்துவர்கள், லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டார்கள். தஞ்சை வயல்களிலும் அதே நெல், அதே கீறல்தான்.

இப்படி ஒரு கண்ணை இழந்தவர் மறு பருவத்தில் டிராக்டர் வேலைக்குப் போய் மற்றக் கண்ணையும் இழந்தால் அது யார் பொறுப்பு? பழைய காயம் நாள்பட மோசமானால் யாரிடம் கேட்பது? நூறாண்டு கடந்த இழப்பீட்டுச் சட்டத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பாதி விடைதான் இருக்கிறது.

வேலையில் பட்ட காயத்துக்கு முதலாளியே பொறுப்பு என்ற கொள்கை ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் சட்டமானது. பிரிட்டன் 1900இலேயே விவசாயத் தொழிலாளரையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் கொண்டுவந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆலை, சுரங்கம், ரயில்வே போன்ற தொழில்களையே கண்ணில் கொண்டிருந்தது. பின்னாளில் தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களும் பட்டியலில் ஏறின. நெல் வயல் ஏறவில்லை.

தஞ்சையில் அன்று பண்ணையாள் முறை. ஆண்டையின் நிலத்தில் காயம்பட்டவருக்குக் கிடைத்தது தயவு மட்டுமே. நெடிய போராட்டங்களுக்குப் பிறகு 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. முன்னது வெளியேற்றத்தைத் தடுத்தது, பின்னது கூலியை வரையறுத்தது. உடலில் பட்ட காயத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

வயலுக்குள் இழப்பீட்டைக் கொண்டுவந்தது இயந்திரம்தான். டிராக்டர் அல்லது வேறு விசைக்கருவி கொண்டு நடக்கும் விவசாயம் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. விசைக் கதிரடிப்பான்களில் கைகள் சிதைந்துகொண்டிருந்த நிலையில், 1983இல் அபாயகர இயந்திரங்கள் சட்டமும் வந்தது. விளைவு விசித்திரமானது. ஒரே வயலில் அறுப்பு இயந்திரத்தை ஓட்டுபவருக்குச் சட்டத்தின் காப்பு உண்டு; கருக்கரிவாளோடு வரப்போரக் கதிரை அறுக்கும் பெண்ணுக்கு இல்லை. கையால் நடவு நட்டுச் சேற்றுப்புண்ணோடு வீடு திரும்புபவருக்கும் இல்லை.

சட்டத்துக்குள் வந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. 1923 சட்டத்தின் முதல் அட்டவணை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விழுக்காடு வைத்திருந்தது: சுட்டுவிரல் முழுதும் போனால் 14, கட்டைவிரலுக்கு 30, மற்றக் கண் நலமாயிருக்க ஒரு கண்ணை இழந்தால் 40. பல காயங்களின் விழுக்காட்டைக் கூட்டலாம்; ஆனால் அவை ‘ஒரே விபத்தில்’ ஏற்பட்டிருக்க வேண்டும். சட்டம் விபத்துகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. காயங்களோ ஒரே உடலில் சேர்கின்றன.

மாதம் ரூ.15,000 ஊதியத்தில், 40 வயதில் ஒருவர் நிரந்தரமாக முழு ஊனமடைந்தால், ஊதியத்தின் 60 விழுக்காட்டை 184.17 என்ற வயதுக் காரணியால் பெருக்க வேண்டும்: ரூ.16,57,530. ஒரு கண்ணுக்கு மட்டும் என்றால் ரூ.6,63,012. ஏற்கெனவே ஒற்றைக் கண்ணரான ஒருவர் மற்றதையும் இழக்கும்போது அதை வெறும் 40 விழுக்காடாக எண்ணினால், இருளில் விடப்பட்டவரின் கையிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் நழுவிப்போகும். ‘மற்றக் கண் நலமாயிருக்க’ என்ற சொற்களே அப்படி எண்ணுவதற்குத் தடை. விபத்து நேர்ந்த வேளையில் செய்ய முடிந்த வேலைகள் அனைத்தையும் செய்ய இயலாமல் போவதே முழு ஊனம் என்கிறது சட்டத்தின் வரையறை. இடக்கை துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் இந்த வரையறையைப் பிடித்துக்கொண்டது: ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவருடையது முழு ஊனமே.

பழைய காயம் முற்றும்போது வழி இன்னும் குறுகுகிறது. தற்காலிக ஊனத்துக்குத் தரும் அரைமாதத் தொகையை மருத்துவச் சான்றோடு மறுபரிசீலனை செய்யக் கோரலாம். நிரந்தர ஊனத்துக்கு மொத்தத் தொகை முடிவான பிறகு அந்த விதி கைகொடுக்காது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமோ வேறு வழியில் சென்றது: காயத்தின் விளைவு கணிசமாகவும் எதிர்பாராத வகையிலும் மோசமானால், மருத்துவக் குழு ஊன விழுக்காட்டைத் திரும்ப மதிப்பிடலாம். அந்தக் காப்பீட்டில் உள்ள அரிசி ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் இந்த இரண்டாம் வாய்ப்பு, அந்த ஆலைக்கு நெல் விளைவித்துத் தருபவருக்குக் கிடையாது.

40 கிலோ மூட்டைகளை நாள் முழுதும் முதுகில் ஏற்றும் கொள்முதல் நிலையச் சுமைப்பணியாளரை எடுத்துக்கொள்ளலாம். கிடங்குகளில் சரக்கு கையாள்வோர் அட்டவணையில் உண்டு. ஆனால் முதல் பிடிப்பு ஒரு பருவத்தில், வட்டு விலகல் மூன்று பருவம் கழித்து என்றால், எந்த நாள் ‘விபத்து’ என்று காட்டுவது? கோரிக்கைக்குக் கெடு இரண்டாண்டு. முதல் நாளுக்குச் சிகிச்சைச் சீட்டு இல்லையென்றால் வழக்கு அங்கேயே தளர்கிறது.

நியூயார்க் மாநிலம் இதே சிக்கலை 1916இலேயே எதிர்கொண்டது. முன்பே ஊனமுற்றவர் மறுபடி காயம்பட்டால் முழுச் சுமையும் தன் தலையில் விழும் என்று அஞ்சும் முதலாளி, அவரை வேலைக்கே சேர்க்க மாட்டார். அதனால் இரண்டாம் காயத்தால் கூடும் சுமையை ஏற்கப் பொது நிதியொன்றை அம்மாநிலம் உருவாக்கியது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு நிதி அமையவில்லை.

1923 சட்டம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்து, 2025 நவம்பர் 21இல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அரைமாதத் தொகைக்கு மட்டும் மறுபரிசீலனை என்ற விதி அதிலும் தொடர்கிறது. டெல்டாவின் தேவைகள் தெளிவானவை: கையால் செய்யும் வயல்வேலை அட்டவணையில் ஏற வேண்டும், காப்பீட்டுச் சட்டத்தின் மறுமதிப்பீட்டு உரிமை மொத்தத் தொகை பெற்றவருக்கும் நீள வேண்டும், கண்ணில் பட்ட கீறலோ முதுகுப் பிடிப்போ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் நாளே ‘வேலையில் பட்ட காயம்’ என்று பதிவாக வேண்டும். மூன்றாவதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை.