நம்பாதவர்கள் எழுதிய விதிகள்

"எல்லாரும் திருடனுங்க, ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போவுது?"ன்னு கேட்கிறவங்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கணும். முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டு முழுக்க அவநம்பிக்கைதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சித்தப்பா, மாமா, மைத்துனர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. ஓலையை எடுப்பது விவரமறியாத சிறுவன். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்துத்தான் வாங்கணும். (கை மாத்திடுவாரோன்னு சந்தேகம்!) சந்தேகப்பட்டவங்க ஒதுங்கிப் போகல, சந்தேகத்தையே விதியாக்கிட்டாங்க.

ஆனா இது வாக்களிப்பு அல்ல, குலுக்கல். அதுவும் நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களுக்குள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அந்த ஏரித் தண்ணியில உழுதவனுக்குக் குடத்தில் ஓலையே கிடையாது. அவன் வம்சத்துக்கு, பெண்களும் சேர்த்து, ஓட்டு வந்தது 1952 பொதுத்தேர்தலில்.