அது போன வாரக் குருவிதானா?

கொலம்பஸில் இருந்த காலத்தில், ஒஹாயோ மாநிலத்தில் கூடு கட்டும் பறவைகளின் இரண்டாவது கணக்கெடுப்பு நடந்தது (2006-2011). தன்னார்வலர்கள் வேணும்னு கேட்டாங்க. காலை நடைக்கு ஒரு சாக்கு ஆச்சேன்னு நானும் ஒரு வருஷம் போனேன்.

விதி இதுதான். ஆண் குருவி பாடினால் ‘இருக்கலாம்’. ஒரு வாரம் கழித்தும் அதே இடத்தில் பாடினால் ‘அநேகமாக’. குஞ்சுக்கு இரை தூக்கிக்கொண்டு போனால் ‘உறுதி’. ஒரு ஸாங் ஸ்பாரோ (நெஞ்சில் பழுப்புக் கோடு போட்ட சின்னக் குருவி) ரெண்டு வாரமும் ஒரே வேலியில் பாடிச்சு. ‘அநேகமாக’ன்னு எழுதிட்டு வந்து பெருமையா சொன்னா, தங்கமணி கேட்கறாங்க: "அது போன வாரக் குருவிதான்னு எப்படித் தெரியும்?"

திருதிருன்னு முழிச்சேன்.

இதே கேள்விக்காக வருஷக்கணக்கில் உழைத்த ஒருத்தர் அதே ஊரில்தான் இருந்திருக்கார். மார்கரெட் மோர்ஸ் நைஸ். கணவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். இவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஐந்து பெண்களைப் பெற்றவர். 1928 மார்ச்சில், ஒலன்டாங்கி ஆற்றங்கரையில் வீட்டுக்குப் பக்கத்துப் புதர்க்காட்டில் ஒரு ஸாங் ஸ்பாரோவைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டினார். அலுமினிய வளையத்தோடு கலர் கலரா செல்லுலாய்டு வளையங்களும். தூரத்திலிருந்தே இன்னார்னு அடையாளம் தெரியணுமே!

அதுக்கப்புறம்தான் குருவிகளின் குடும்பக் கதை தனித்தனியா வெளியே வந்தது. வருஷா வருஷம் அதே ஆண் அதே இடத்தைப் பிடிக்குது, பாட்டாலேயே எல்லை காக்குது. கூடு கட்டுவதும் 12, 13 நாள் அடைகாப்பதும் பெண். குஞ்சுக்கு ஊட்டுவது ரெண்டு பேரும். 4எம்னு பேர் வைத்த ஒரு ஆண் குருவியை 1935 மே மாதம் விடிகாலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து எண்ணியிருக்கார். ஒரே நாளில் 2305 பாட்டு! எனக்கு அரைமணி நேரத்திலேயே கழுத்து வலிச்சிடுச்சு.

இந்த ஆராய்ச்சி 1937, 1943-ல் ரெண்டு தொகுதியா வந்தது. இல்லத்தரசின்னு சொன்னா அவருக்குப் பிடிக்காதாம். கிளார்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர், நியாயம்தானே. வருத்தமான விஷயம், அந்தப் புதர்க்காடு அவர் கண்ணெதிரிலேயே அழிந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் காய்கறித் தோட்டம் போட வெட்டினாங்க. வயித்துப்பாட்டுக்கு வெட்டினவங்களைக் குறை சொல்ல முடியலை. ஆனா குருவிகள் குறைஞ்சு போச்சு.

மூணாவது வாரமும் அந்த வேலிக்குப் போனேன். குருவி இருந்தது, வாயில் பச்சைப் புழுவோட. ‘உறுதி’ன்னு திருத்தினேன். தங்கமணி கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.