மல்டிகாஸ்ட் வலையமைப்புப் பொறியியல்

மல்டிகாஸ்ட் என்பது ஒரு மூலத்திலிருந்து புறப்படும் தரவை, அதைக் கேட்டுப் பதிந்த கருவிகளுக்கு மட்டும் ஒரே வேளையில் சேர்க்கும் வலையமைப்பு முறை. மூலம் ஒரு பிரதியையே அனுப்பும். பாதை பிரியும் இடத்தில் ரவுட்டரோ சுவிட்சோ அதைப் படியெடுக்கும். கேட்ட கிளைக்குத் தரவு போகவும் கேளாத கிளைக்குப் போகாமலிருக்கவும் வழிசெய்வது இத்துறைப் பொறியியலாளரின் பணி.

இது வானொலியிலிருந்து வேறுபட்டது. ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனமான டொயிச்ச வெல்ல 1984இல் திருகோணமலையில் தொடங்கிய மறு ஒலிபரப்பு நிலையம், 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தகைய நிலையத்தின் அலை, கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கும் பரவும். மல்டிகாஸ்டிலும் யார் கேட்கிறார் என்பது மூலத்துக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கிளையில் கேட்பவர் உண்டு என்பதை வலையமைப்பு அறியும்.

இம்முறையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் வகுத்தார். அதன் இணைய நியமம் 1989இல் ஆர்.எஃப்.சி. 1112 என வெளிவந்தது. ஐ.பி. நான்காம் பதிப்பில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையான முகவரிகள் இதற்குரியவை. இவை தனிக் கருவிகளை அல்ல, குழுக்களையே குறிக்கும். கருவி குழுவில் சேர ஐ.ஜி.எம்.பி. நெறிமுறையும், ரவுட்டர்கள் தமக்குள் பாதை அமைக்கப் பிம் நெறிமுறையும் பயன்படுகின்றன. இணையநெறித் தொலைக்காட்சியில் பொதுவாக ஒவ்வொரு அலைவரிசையும் ஒரு குழு.

திருகோணமலைத் துறைமுகத்தில் இத்தொழில் கப்பலுக்குள்ளேயே தேவைப்படுகிறது. சீனக்குடாவிலுள்ள பிரிமா மா ஆலைக்குக் கோதுமையும், டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கரும் கப்பலில் வருகின்றன. இவ்வகைச் சரக்குக் கப்பல்களில் புதியவை பலவற்றின் சுக்கான் அறைக் கருவிகள் ஐ.ஈ.சி. 61162-450 நியமப்படி இணைக்கப்படுகின்றன. 2011இல் வெளியான இந்நியமம் மல்டிகாஸ்டையே அடிப்படையாகக் கொண்டது. ஜி.பி.எஸ். போன்றவற்றின் தரவு 239.192.0.4 என்ற குழுவுக்குப் போகும். மின்னணுக் கடல்வரைபடமும் பயணத் தரவுப் பதிகருவியும் தமக்கு வேண்டிய குழுக்களில் சேர்ந்துகொள்ளும்.

இங்கு அடிக்கடி நேரும் பழுது இரு வகைப்படும். சுவிட்ச், கருவிகளின் சேர்க்கை அறிவிப்பை ஒற்றுக்கேட்டு எந்த வாயிலுக்கு எந்தக் குழு என்று குறித்துக்கொள்ளும். இவ்வசதி அணைந்திருந்தால் எல்லாத் தரவும் எல்லா வாயில்களுக்கும் பாய்ந்து, சிறு செயலி கொண்ட கருவிகள் திணறும். வசதி இயங்கியும், குழு உறுப்பினரை அவ்வப்போது விசாரிக்கும் கருவி வலையில் இல்லாவிட்டால், குறிப்புப் புதுப்பிக்கப்படாது. வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் அது காலாவதியாகும். பல சுவிட்சுகளில் தரவு அத்துடன் நின்றுவிடும். திரும்ப இயக்கினால் நான்கு நிமிடம் சரியாக ஓடி மீண்டும் நிற்பதே இதன் அடையாளம். விசாரிக்கும் வேலையை ரவுட்டர் செய்வது வழக்கம். அது இல்லாத கப்பல் வலையில் ஒரு சுவிட்சுக்கு அப்பொறுப்பைக் கொடுத்தால் பழுது தீரும்.

இத்தரவு யு.டி.பி. நெறிமுறை வழியே செல்வதால் தவறிய பொட்டலம் மறுபடி வராது. ஆகவே பொட்டலங்களைப் பதிவுசெய்து, ஒவ்வொரு செய்தியோடும் வரும் வரிசை எண்ணில் விடுபட்டதைத் தேடியே இழப்பு அளவிடப்படுகிறது.